முகூர்த்த காலத்து வீடியோக்காரர்: ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

தமிழர் திருமணத்தைப் பற்றி எழுதிய அறிஞர் பலர். தாலியின் தொன்மையை ஆராய்ந்தவர் உண்டு. அது சங்க காலத்தில் வழங்கியதா இல்லையா என்று வாதிட்டு, ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டவரும் உண்டு. பந்தற்கால், அம்மி, அருந்ததி, அட்சதை ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் எழுதப்பெற்ற கட்டுரைகள் நூலகங்களிற் புழுதி படிந்து கிடக்கின்றன. ஆயினும், இவையாவும் நிகழும் மேடையின்மீது, மணமக்களுக்கும் கூடியிருக்கும் பந்துக்களுக்கும் நட்டநடுவே, சபைக்கு முதுகைக் காட்டியபடி மாலையும் காலையும் நின்றுகொண்டேயிருக்கும் ஒரு மனிதரைக் குறித்து எவரும் முறைப்படி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. மறைந்து கிடக்கும் பொருளைத் தேடியெடுப்பதில் வல்லவரான நம் ஆராய்ச்சியாளர், மறைத்து நிற்கும் பொருளைக் காணத் தவறிவிட்டனர் போலும். அக்குறையை நீக்கும் பொருட்டே இச்சிறு முயற்சி.

இதன்கண் ஆராயப்பெறுவன ஏழு: காலம், கருவி, உறக்கம், உணவு, பாடம், இடைச்செருகல், ஊதியம். எட்டாவதாக ஒன்று உண்டென்று சிலர் கூறுவர். அஃது இன்னதென்று அவர் கூறாமையின் விடுத்தாம்.

முதலாவது, காலம்

ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர் திருமணம் செய்வதில்லை; புரட்டாசியிலும் பலர் செய்வதில்லை. எஞ்சிய மாதங்களில் தேய்பிறையைக் கூடியவரை ஒதுக்கி, செவ்வாயையும் சனியையும் ஒதுக்கி, கரிநாளை ஒதுக்கி, மணமக்கள் இருவருடைய நட்சத்திரங்களுக்கும் ஒவ்வாத நாட்களை ஒதுக்கி, மண்டபம் கிடைக்காத நாட்களையும் ஒதுக்கிய பின்னர், மிஞ்சி நிற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க சில காலைப்பொழுதுகளில் நாடு முழுவதும் ஏககாலத்தில் விவாகம் செய்துகொள்ளத் துணிகின்றது. பஞ்சாங்கம் மணமக்களின் க்ஷேமத்தைக் கருதிக் கணிக்கப்படுவதேயன்றி, ஒரு ஸ்டூடியோவில் காமிராக்கள் இரண்டே உள்ளன என்பதைக் கருதிக் கணிக்கப்படுவதன்று.

இதனால் விளையும் சங்கடத்துக்குப் பரிகாரமும் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது என்பது யாம் கண்ட உண்மை. திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 மணி வரை. ஆகவே அன்று முகூர்த்தம் வைப்போர் ஒருசாரார் அதற்கு முன்னும் ஒருசாரார் அதற்குப் பின்னும் வைப்பர். உலகத்தார் அஞ்சி எந்தச் சுபகாரியத்தையும் தொடங்காத அந்த ஒன்றரை மணி நேரத்தில், வீடியோக்காரர் முதல் மண்டபத்தில் கருவிகளைச் சுருட்டி, தம் உதவிப் பையனைப் பின்னால் அமர்த்தி, முக்காலியை அவன் மடியில் குறுக்காகக் கிடத்தி, ஊரின் மறுகோடியிலுள்ள இரண்டாம் மண்டபத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்ச் சேருகிறார். நவக்கிரகங்களுள் ராகுவால் இடையறாத நன்மை பெற்ற வகுப்பினர் இவரையன்றி வேறொருவர் இருப்பதாகச் சோதிட நூல்களில் யாம் காணவில்லை.

இரண்டாவது, கருவி

கற்காலம், உலோக காலம் என்று வரலாற்றாசிரியர் பகுத்தமை போல இத்துறையையும் பகுக்கலாம். ஜப்பானிய நிறுவனமாகிய ஜேவிசி 1976இல் வெளியிட்ட விஎச்எஸ் முறை நம் ஊர்களில் பரவிய காலத்தில், காமிரா தோளின்மேல் அமர்ந்திருந்தது. அதன் பின்னே, ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கை உயர்த்திப் பிடித்த லைட் பாய் ஒருவன், மணமகளின் முகப்பூச்சு உருகும் தூரத்தில் நின்றான். 1995இல் தோன்றிய மினிடிவி நாடா காமிராவின் கனத்தைக் குறைத்தது. வீடியோக்காரரின் தோள்வலி இடுப்புக்கு இறங்கியது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 என்னும் ஸ்டில் காமிரா, முழு எச்டி வீடியோவும் எடுக்கவல்லதாய் வெளிவந்த பின்னர், ஸ்டில்காரர் யார் வீடியோக்காரர் யார் என்பது அவர்கள் கையிலுள்ள கருவியால் அறியப்படாமல், ஒருவரையொருவர் ‘அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க’ என்று சொல்லும் தொனியால் அறியப்படுவதாயிற்று.

இவ்விடத்து நுண்பொருள் ஒன்று உண்டு. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதியவல்ல கருவியை வீடியோ காமிராவெனக் கொண்டு ஐரோப்பிய ஒன்றியம் வேறு சுங்கவரி விதித்தமையால், அவ்வரிக்குத் தப்பும் பொருட்டு, ஸ்டில் காமிராக்கள் பல 29 நிமிடம் 59 விநாடியில் தாமே நின்றுவிடுமாறு செய்யப்பட்டன. எங்கோ ஐரோப்பாவில் ஒரு காகிதத்தில் எழுதப்பட்ட விதி, கடல்களைக் கடந்து வந்து, திண்டுக்கல்லில் புரோகிதர் கெட்டிமேளத்துக்கு விரலை உயர்த்தும் அதே க்ஷணத்தில் பலிப்பதைக் கண்ட பின்னரும் கர்மபலன் என்னும் கொள்கையை ஐயுறுவார் உளராயின், அவர் சிவப்புப் புள்ளி அணைந்துபோன காமிராவைக் கையிற் பிடித்து அறியாதவர் என்க.

மூன்றாவது, உறக்கம்

சான்றுகள் கிடைக்கவில்லை.

நான்காவது, உணவு

பந்தி முழுவதையும் முதல் இலையிலிருந்து கடைசி இலைவரை பதிவு செய்பவர், தாம் உண்ண அமரும்போது ரசத்தில் தொடங்குகிறார்; பெண்ணின் தந்தை அவரைக் கடக்குந்தோறும் ‘தம்பி, சாப்டீங்களா?’ என்பது வினாவன்று, ஒருவகை ஆசீர்வாதம்.

ஐந்தாவது, பாடம்

இனி இவ்வாராய்ச்சியின் தலையாய பகுதிக்கு வருவோம்.

முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம் எனக் கொள்க. நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய கணக்குப்படி விநாடிக்கு 25 சட்டகம் வீதம், ஒரு காமிராவில் 1,35,000 சட்டகங்கள் சேரும். ஒரு முடிச்சுக்கு இரண்டு விநாடி என்று தாராளமாக அளித்தால், மூன்று முடிச்சுகளுக்கும் உரியவை 150 சட்டகங்களே. எஞ்சிய 1,34,850 சட்டகங்களும் இந்த 150க்காகவே எடுக்கப்படுவன. அந்த 150இலேயோ மணமகனின் பெரியப்பா எழுந்து நிற்கிறார்.

அவர் எழுவது ஏன் என்பது ஆராயத்தக்கது. காலை 4.30 மணி முதல் நாற்காலியை விட்டு அசையாதவர், கெட்டிமேள ஒலி கேட்டவுடன் அட்சதை தூவும் பொருட்டு எழுந்து, மேடைக்கு விரைந்து, தம் உயரத்துக்கும் காமிராவின் உயரத்துக்கும் அணுவளவும் வேறுபாடில்லாத ஓரிடத்தைத் தெரிந்து நிற்கிறார். பக்கவாட்டிலுள்ள இரண்டாவது காமிராவை மறைக்கத் தாய்மாமன் இருக்கிறார். அவரும் விட்டுவைத்த இடைவெளியில் ஸ்டில்காரரின் பிளாஷ் மின்னி, சட்டகத்தின் பாதியை வெளுக்கச் செய்கிறது. எனவே மாங்கல்யதாரணத்துக்கு நமக்குக் கிடைக்கும் பிரதிகள்: பெரியப்பாவின் முதுகு உள்ள ‘க’ பிரதி, தாய்மாமனின் முழங்கை உள்ள ‘ங’ பிரதி, பாதி சிதைந்த ‘ச’ பிரதி. இம்மூன்றையும் ஒப்பு நோக்கி மூலபாடத்தை மீட்பது எத்துணை அரிய காரியம் என்பதைச் செல்லரித்த ஏடுகளோடு போராடினார் அறிவர்.

இந்நிலையிலேயே வீடியோக்காரர் உலகத்துப் பதிப்பாசிரியர் எவரும் செய்யத் துணியாத ஒரு செயலைச் செய்கிறார். கூட்டம் சற்று விலகியதும், மணமகனை நோக்கி, ‘சார், ஒரு தடவை கட்டுற மாதிரி பிடிங்க; அக்கா, லேசாக் குனிஞ்சுக்கோங்க; பெரியப்பா, நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க’ என்கிறார். சிதைந்த மூலத்தைத் திருத்த முயலாமல், மூலத்தையே மறுபடி நிகழச் செய்துவிடுகிறார். இவ்வாறு பிறந்த இரண்டாம் பாடம் பிழையற்றது, முழுமையானது, வெளிச்சம் நன்கு விழுந்தது. குடும்பத்தார் ஆண்டுதோறும் கண்டு கண்ணீர் உகுப்பது இதனையே.

இவ்விரண்டனுள் எது மூலம்? இவ்வினாவைக் குறித்து அறிஞர் மூன்று சாராராகப் பிரிந்தனர். முதற்கட்டே கட்டு என்பார் மூலவாதியர். இவர்கள் தமக்குச் சான்றாக, ஒரு மண்டபத்தின் மேடைக்கடியில் கிடைத்த தாம்பூலப் பையின் புறத்தே பேனாவால் எழுதப்பட்டிருந்த ‘மொதக் கட்டுதான் கட்டு’ என்னும் தொடரைக் காட்டுவர். மறுபாடவாதியர், அதே பையின் மறுபுறத்தில் ‘ரெண்டாவதுதான் நல்லா விழுந்துருக்கு’ என்றிருப்பதை எடுத்தோதி, பையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இல்லாதாருடைய ஆராய்ச்சியின் தரம் இத்தகையதே என்று இகழ்வர். சமரசவாதியர், அப்பையிலிருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டனர்.

இப்பையைப் பற்றிப் பின்னெழுந்த இலக்கியம் பெரிது. கண்டெடுத்தவர் எழுதிய சிறு குறிப்புக்கு அவருடைய மாணவர் பேருரை வகுத்தார். அவ்வுரையில் நேர்ந்த அச்சுப்பிழை ஒன்றை ஆதாரமாக வைத்து மற்றொருவர் பட்டம் பெற்றார். அப்பட்டத்துக்குரிய ஆய்வேட்டைக் கண்டிக்கும் நோக்கத்தோடு, அதனைப் படிக்காமலே நான்கு பாகமாக எழுதப்பெற்ற கண்டனத்தின் மூன்றாம் பாகத்தில், அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில், ‘இது பற்றி முன்னரே விரித்துரைத்தாம்’ என்று காணப்படுகிறது. முன்னர் எவ்விடத்தும் விரித்துரைக்கப்பெறவில்லை. எனினும் இத்துறையில் எழுதுவார் அனைவரும் அவ்விடத்தையே மேற்கோள் காட்டுவர். மரபு கருதி யாமும் காட்டுகிறோம்.

இவை நிற்க, மூன்றாம் முடிச்சைப் பற்றிய விவாதம் இன்னும் கடினமானது. மூன்றாம் முடிச்சை நாத்தனார் இடுவது பல குடும்பங்களில் வழக்கம். ‘க’ பிரதியில் பெரியப்பாவின் தோளுக்கு மேலே தெரியும் நாத்தனாரின் புடவை அரக்கு நிறம். மறுபாடத்தில் அதே முடிச்சைப் பிடித்திருப்பவரின் புடவை கிளிப்பச்சை. ஔவையாரைப் பலராகப் பகுத்துப் பழகிய நம் ஆராய்ச்சி உலகம் இதனைக் கண்டு சும்மா இருக்குமா? நாத்தனார் இருவர் என்னும் கொள்கை உடனே பிறந்தது. அரக்கு நாத்தனார் முந்தியவர், பச்சை நாத்தனார் பிந்தியவர் என்று காலவரையறை செய்யப்பட்டது. சரிகையின் அகலம் ஒரே தலைமுறையில் இவ்வளவு மாறுதல் இயலாது என்னும் காரணத்தால், நான்கு நிமிட இடைவெளியில் ஒரே மேடையில் நின்ற அவ்விரு மாதரும் இருநூறு ஆண்டுகள் தள்ளி நிறுத்தப்பட்டனர். பச்சை நாத்தனார் இடைச்செருகலே, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று நிறுவியவரும் உளர். அவர் அப்பெண்மணியின் பக்கத்து இலையிலேயே அமர்ந்து உண்டவர் என்று கேள்வி.

இத்தனை மையும் காகிதமும் செலவான பின்னரும், அன்று அங்கே காமிராவோடு நின்ற மனிதரைக் கேட்போம் என்னும் எண்ணம் எவருக்கும் உதிக்கவில்லை. கேட்டிருந்தால், மெமரி கார்டை மாற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், ‘அவங்களா? பக்கத்து வீட்டு அக்கா. நாத்தனார் குழந்தை அழுதுன்னு டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போய்ட்டாங்க. கையில வளையல் நிறைய இருந்துச்சு, நான்தான் இவங்களை நிக்கச் சொன்னேன்’ என்று கூறி முடித்திருப்பார். பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் என்னும் மூன்று பிரமாணங்களுள் முதலாவதை உடையவர் இவர் ஒருவரே. ஏனையோர் அனுமானத்தை ஆகமமாக்கி, அதன்மேல் பதவி உயர்வும் பெற்றனர்.

ஆறாவது, இடைச்செருகல்

பதிவானவற்றை வெட்டியும் ஒட்டியும் பாட்டுச் சேர்த்தும் முறைப்படுத்தும் தொழிலை இத்துறையார் மிக்ஸிங் என்பர். கரூரில் நடந்த திருமணத்தினூடே மணமக்கள் ஊட்டிப் புல்வெளியில் ஓடுவதும், குத்துவிளக்கின் சுடரிலிருந்து மணமகளின் முகம் எழுவதும், இதய வடிவமான சட்டத்துள் இருவரும் சுழல்வதும் இடைச்செருகல்களே எனினும், இவற்றைச் செருகியவர் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இறுதியில் பொறித்து வைக்கிறார். பழைய நூல்களில் செருகியோர் இந்த நேர்மையைக் காட்டியதில்லை. மேலும், ஏட்டுப் பிரதியைப் பதிப்பித்தவரின் வீட்டுக்கு அந்நூலின் பாத்திரங்கள் நேரில் வந்து, ‘எங்க அத்தை ஒரு இடத்துலகூட வரலியே தம்பி’ என்று வழக்காடுவதில்லை. கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்துபோன சித்தப்பாவை நீக்குமாறு ஒரு கட்சியாரும், சமாதானமான பின் மீண்டும் சேர்க்குமாறு அதே கட்சியாரும் வேண்டுவதில்லை.

ஏழாவது, ஊதியம்

அட்வான்ஸ் வரலாற்றுக் காலத்தைச் சேர்ந்தது. பாக்கித்தொகை புராண காலத்தைச் சேர்ந்தது.

முடிபு

மேற்கூறியவற்றால், வீடியோக்காரர் சாட்சியும் பதிப்பாசிரியரும் ஒருங்கே ஆவர் என்பதும், மறுபாடத்தைத் தாமே உண்டாக்கினாலும் மூலத்தையும் தாமே கண்டவர் என்பதும், அவரை விசாரியாமல் எழுதப்படும் திருமண ஆராய்ச்சி யாவும் ‘க’ பிரதியின் பெரியப்பா முதுகைக் கொண்டு மணமகளின் முகத்தை வருணிப்பதே என்பதும் பெறப்பட்டன. எஞ்சிய ஐயங்களை அவரிடமே கேட்டுத் தெளியலாம் என்றெண்ணி ஆவணியில் அணுகினோம். ஆடியில் வரச் சொன்னார். ஆடியிலோ, முந்தைய வைகாசித் திருமணங்களின் மிக்ஸிங்கில் ஆழ்ந்திருந்தார். விஷயம் தெரிந்தவருக்கு ஓய்வில்லை. ஓய்வுள்ளவருக்கு விஷயம் தெரிவதில்லை. கட்டுரைகளோ ஓய்வுள்ளவர்களால் எழுதப்படுகின்றன. இக்கட்டுரையும் அம்மரபிற்குப் புறம்பானதன்று.