சூதாடிகளுக்கும் ஒரு பூசை

கே: மத்திய கால ஐரோப்பாவில் குருமடத்தில் படித்தவர்களே லத்தீனில் குடிப்பாட்டும் காதல் பாட்டும் எழுதினார்களாமே! பக்தியும் போதையும் எப்படி ஒத்துப்போயின?

ப: அவர்கள் எழுதப் படித்த மொழி லத்தீன். ஜெபமும் அதில்தான், ஜொள்ளும் அதில்தான்! 'கார்மினா புரானா' தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1230-இல் எழுதப்பட்ட ஏடு. 1803-இல் பவேரியாவின் பெனடிக்ட்பாய்ர்ன் மடத்தில் அகப்பட்டது. ஏசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகம் உள்ள அதே ஏட்டில், சூதாடிகளுக்கென்றே ஒரு திருப்பலியும் இருக்கிறது. தெய்வத்தின் பெயர் தேசியுஸ், பகடைக்கு அதிபதி. சமாதானம் கூற வேண்டிய இடத்தில் வஞ்சகத்துக்கு வாழ்த்து! பக்தர்களின் கவலையோ ஆட்டத்தில் பறிபோன உடுப்பைப் பற்றி. ஆனால் பூசையின் சாயல் அப்படியே இருக்கும். தினமும் கோயிலில் நின்றவனால்தான் இப்படிக் கிண்டலடிக்க முடியும். நாத்திகனுக்கு இவ்வளவு மனப்பாடம் ஏது?

இன்னொருவர், இயற்பெயர் தெரியாத 'தலைமைக் கவிஞர்'. 12-ஆம் நூற்றாண்டில் கொலோன் பேராயரை அண்டிப் பிழைத்தவர். பாவசங்கீர்த்தனம் என்ற சாக்கில் பெண், சூது, மது மூன்றையும் ருசித்து ருசித்து வர்ணித்துவிட்டு, சாவும் மதுக்கடையிலேயே வேண்டும் என்கிறார். மன்னிப்புக் கேட்கிறாரா, மறுபடியும் ஊற்றச் சொல்கிறாரா என்பது பேராயருக்கே வெளிச்சம்.

'கார்மினா புரானா' தொகுப்பிலிருந்து 24 பாடல்களுக்கு ஜெர்மானியரான கார்ல் ஓர்ஃப் அமைத்த இசை 1937-இல் அரங்கேறியது. அதில் வரும் 'ஓ ஃபோர்த்தூனா'வை ஏதாவது பட டிரெய்லரில் கேட்டுவிட்டு, சாத்தான் மந்திரம் என்று மிரள வேண்டாம். அதிர்ஷ்டம் கைவிட்டவனின் புலம்பல், அவ்வளவே!