கூம்புச் சங்கின் பெயர்ச் சொத்து வழக்கு: மன்னார்க் கரையிலிருந்து ஓர் ஆய்வு

பேசாலைக் கரையில் நண்டு கழற்றுகிறவர்களுக்கு, வலையில் மாட்டி வரும் கூம்புச் சங்கு ஒரு வில்லங்கம். கண்ணி அறாமல் எடுக்க வேண்டும். எடுத்தாலும் பெரிய விலை இல்லை. அதே சங்கு அறிஞர் கைக்குப் போனால், 260 வருடங்களுக்கும் மேலாக இழுபடும் வழக்கொன்றில் பிரதிவாதியாகிவிடுகிறது. கோப்புகளைப் புரட்டியதில் எமக்குக் கிட்டிய முடிபு இது: சங்கின் பெயரைத் தீர்மானிப்பதில் சங்குக்குள்ள பங்கு சொற்பம், நாட்காட்டிக்குள்ள பங்கு பெரிது.

முதலில் சட்டம். விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதிக்கோவையின்படி, ஸ்வீடிய இயற்கையறிஞர் லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பு 1758 சனவரி 1 அன்று வெளியானதாகக் கொள்ள வேண்டும். மெய்யாகவே அன்றுதானா என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு முன் உலகில் விலங்குகள் இருந்தன, பெயர்கள் இருக்கவில்லை. மிஷேல் அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் செனகல் கரைச் சங்குகளுக்குப் பெயர் சூட்டிப் படமும் போட்டுப் புத்தகம் கொண்டுவந்தது 1757இல். ஆகவே தள்ளுபடி. அதே 1757இல் வந்த கிளெர்க்கின் சிலந்திப் புத்தகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. சிலந்திகளுக்கு ஆள் பலம் இருந்திருக்க வேண்டும். அடான்சனுக்குக் கிடைத்தது ஒரு மரம்: அடான்சோனியா. மன்னார்ப் பள்ளிமுனையில் பருத்து நிற்கும் பெருக்கமரம் அந்த இனம்தான். சங்கில் தோற்றவருக்கு நட்டஈடு சங்குக் கடலின் ஓரத்திலேயே வழங்கப்பட்டிருக்கிறது என்பதை எமக்கு முன் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து, பெயர்கள் பிறந்த இடம். அறிவியல் மன்றம் என்று நினைப்பீர்கள். பல பெயர்கள் பிறந்தது ஏலக்கடையில். காரணம் பணம். 1796இல் ஒரு சேகரிப்பாளரின் சங்கு ஏலத்தில் 'கோனஸ் சேடோநுல்லி' என்ற கூம்பு 200 கில்டருக்கும் மேல் போனது. அதே சேகரிப்பாளரிடமிருந்த வெர்மீரின் ஓவியம், நீல உடுப்புப் பெண் கடிதம் படிப்பது, அதற்கு முன் 1791இல் 43 கில்டருக்குப் போனது. நம் கடலில் கிடைக்கும் 'கோனஸ் அரனியோசஸ்' என்ற பெயர், போர்ட்லண்ட் சீமாட்டி இறந்தபின் அவர் சேகரிப்பை விற்க 1786இல் அச்சிட்ட பட்டியலில் வந்தது. பட்டியலில் எழுதியவர் பெயர் இல்லை. பிற்காலத்தார் அது ஜான் லைட்ஃபுட் என்ற பாதிரியார் என்று தேறி, அவர் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டார்கள். 1791இல் க்மெலின் என்பவர் ஜெர்மனியில் இருந்துகொண்டே ஒரு கூம்புக்கு 'ஸெய்லானிகஸ்' என்று நம் தீவின் பெயரைக் கட்டிவிட்டார்.

இவற்றையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது கூம்பின் பக்கத்து வீட்டு வழக்கு. மன்னார்க் குடாவில் சுழியோடிகள் குளித்தெடுத்து வங்காளத்து வளையல்காரருக்கு அனுப்பிய சங்குக்கு, 1798இல் ஹம்பர்க்கில் ரோடிங் என்பவர் இன்னொரு விற்பனைப் பட்டியலில் வைத்த பேரினப் பெயர் 'சாங்கஸ்'. நமது சங்கேதான், லத்தீன் வால் ஒட்டியது. அதே சங்குக்குப் பிரெஞ்சு அறிஞர் லமார்க் வைத்த 'டர்பினெல்லா' 1799இல்தான் வந்தது. மூத்த பெயரே வெல்லும் என்பது விதி. இந்திய மீன்வள ஆய்வாளர்களும் வெகுகாலம் 'சாங்கஸ்' என்றே எழுதினார்கள். 1957இல் விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச ஆணையம் தன் விசேட அதிகாரத்தைப் பாவித்து மூத்ததை முடக்கி இளையதை அரியணையேற்றியது. அடான்சனுக்கு ஒரு வருடத்தை மன்னிக்காத நீதி, லமார்க்குக்கு ஒரு வருடத்தை மன்னித்திருக்கிறது. இதை இவ்விடத்தில் பதிவுசெய்துவிட்டு அப்பால் செல்கிறோம், கோபத்தோடு.

மறுபடி கூம்பு. பாதிப்பேர் அன்ரனியாக இருக்கும் கத்தோலிக்கக் கடற்கரை ஊரில் 'கட்டை அன்ரனி', 'கொக்கு அன்ரனி' என்று அடையாளம் வைப்பது வழமை. லின்னேயஸின் முறையும் அதுவே: எல்லாம் கோனஸ், பின்னால் ஒரு பட்டம். 2009இல் டக்கர், டெனோரியோ என்ற ஆய்வாளர்கள் வந்து, இத்தனை பேரும் அன்ரனியாக இருக்க நியாயமில்லை என்று எண்பதளவு பேரினங்களாகப் பிரித்தார்கள். 2014இல் புய்லாந்தர் குழுவினர் 320 இனங்களின் டிஎன்ஏவைப் பார்த்து நான்கே போதும் என்றார்கள். ஒன்றா, நான்கா, நூறா என்று தலைப்பிலேயே கேட்ட அவர்களது அடுத்த கட்டுரையைவிட நேர்மையான தலைப்பை இத்துறையில் நாம் காணவில்லை.

இந்து சமுத்திரத்தில் வாழும் 'ஜியோகிராஃபஸ்' கூம்பும் இந்த அலைச்சலில் அகப்பட்டது: 1758இல் கோனஸ், 2009இல் காஸ்ட்ரிடியம், 2014இல் மறுபடி கோனஸ். இத்தனைக்கும் நடுவில் அதன் ஈட்டிப்பல்லின் நஞ்சு மனிதரைக் கொன்றபடியே இருக்கிறது. மாற்று மருந்து கிடையாது. எனவே எமது பரிந்துரை: உயிருள்ள கூம்புச் சங்கை அதன் சரியான பெயர் தெரியும்வரை கையால் தொடக் கூடாது. தெரிந்த பின்பும் தொடக் கூடாது.