பர்வதமலை ஏற்றத்தில் இளைப்பாறலுக்கான முகாந்திரங்கள்: ஓர் ஆய்வு

மலையேறுவோர் எவரும் களைப்பினால் உட்காருவதில்லை என்பதும், ஒவ்வொரு முறையும் வேறு ஏதேனும் ஒரு காரணம் பற்றியே உட்காருகின்றனர் என்பதும் இவ்வாய்வின் துணிபு. அக்காரணம் இங்கு முகாந்திரம் எனப்படும்; அதை முதலில் மொழிந்து அமர்பவர் முன்னமர்வர் என்றும், அவருக்குத் துணையிருக்கும் பொருட்டே அமர்வதாகக் காட்டிக்கொள்ளும் ஏனையோர் உடனமர்வர் என்றும் குறிக்கப்படுவர்.

ஆய்வுக்களம் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை; காலம் முதுவேனில், அதாவது ஆனி, ஆடி மாதங்களில் பௌர்ணமி அல்லாத ஒரு வேலைநாள். பௌர்ணமியன்று கூட்டம் நெரிவதால் 'இறங்குறவங்களுக்கு வழி விடுவோம்' என்னும் முகாந்திரம் அடிக்கொன்றாக இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ஆளரவமற்ற நாளிலோ ஒவ்வொன்றையும் ஏறுபவரே சொந்தச் செலவில் உற்பத்தி செய்ய வேண்டியிருப்பதால், மனித அறிவின் வீச்சு அன்றுதான் முழுமையாகப் புலப்படுகிறது.

இத்துறையில் முன்னோர் செய்தவை சிலவே. இம்மலையோடு அறிஞர்கள் பொருத்திக் காட்டும் நவிரமலையைப் பாடும் 583 அடி மலைபடுகடாம், வழியின் இடர்களையும் உணவு கிடைக்கும் இடங்களையும் கூத்தர்க்கு விரிவாக எடுத்துரைக்கிறது. 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதியோ, தூரத்தில் 3 மைலுக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கணக்கிடச் சொல்கிறது. செருப்பு வாரைச் சரிசெய்யும் நேரத்துக்கு இவ்விதியில் ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை என்பதால், தமிழ்ச் சூழலுக்கு இது அப்படியே பொருந்துமாறில்லை.

முகாந்திரத்தின் நீளம் ஏறிய உயரத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. அடிவாரப் படிகளில் முன்னமர்வர், 'இங்க காத்து நல்லா வருது, வெளிச்சமும் சரியா இருக்கு, எல்லாரும் நின்னா ஒரு படம் எடுத்துக்கலாமே' என்று எழுவாய், பயனிலை பிசகாமல் பேசுகிறார்; படிகள் முடிந்து கரடுமுரடான பாறைப் பாதை தொடங்கியதும் அது 'ஒரு படம்' எனச் சுருங்குகிறது; இன்னும் மேலே கைப்பேசியை வெறுமனே உயர்த்திக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. பேசுவதற்கு மூச்சை மெல்ல வெளிவிட வேண்டும், ஏறும் உடலோ அதே மூச்சை விரைந்து வாங்கி விரைந்து விட வேண்டும் என்கிறது; இந்த வழக்கில் முதலில் தோற்பது நீண்ட வாக்கியமே.

குழுவில் மூத்தவர் ஒருவர் இருப்பின் ஆய்வு சிக்கலாகிறது. 'பெரியப்பா பாவம், கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போகட்டும்' என்று மூன்று இளைஞர்கள் ஒரே பாறையில் அமர்ந்து தண்ணீர் பாட்டிலைக் கைமாற்றிக்கொள்ள, வேட்டியை மடித்துக் கட்டிய பெரியப்பா இரண்டு திருப்பங்களுக்கு மேலே நின்றுகொண்டு, 'என்னடா, எவனுக்காவது காலு சுளுக்கிடுச்சா?' என்று கூப்பிடுவது இவ்வகை. பெரியப்பாவின் பெயரால் பெறப்பட்ட ஓய்வை அவரே நேரில் மறுத்தாலும், அது செல்லும் என்றே கொள்ள வேண்டும். ஏனெனில் அதற்குள் அனைவரும் உட்கார்ந்தாயிற்று.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறையில் அறைந்த இரும்பைப் பற்றி ஏற வேண்டிய கடப்பாறைப் படியில் இக்கோட்பாடு செல்லாது. அங்கே இரு கைகளும் இரும்பில் இருப்பதால் படமும் இல்லை, செருப்பு வாரும் இல்லை; உச்சியில் மல்லிகார்ஜுனேசுவரர் சந்நிதியை அடைந்ததும் அமர்வதற்கு வழிபாடே தக்க காரணமாவதால், அப்பகுதி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இறக்கத்தில் நேர்மை திரும்புகிறது. தொடைத் தசைகள் நீண்டபடியே உடற்சுமையைத் தாங்கி இறங்குவதால் முழங்கால் நடுங்குகிறது, மூச்சோ மிச்சமிருக்கிறது, ஆகவே 'கால் வலிக்குது' என்று வெட்கமின்றிச் சொல்லப்படுகிறது. அவ்வலி ஓரிரு நாள் கழித்தே உச்சமடையும் இயல்புடையது. அந்நாட்களில் அலுவலக மாடிப்படியின் நடுவே நின்று, வராத குறுஞ்செய்தியை உற்றுப் படிக்கும் வழக்கம் முகாந்திரத்தின் கிளையா, தனி இனமா என்பது தனியே ஆராயத்தக்கது.