லினக்ஸுக்கு வந்த பேராண்டிக்கு

வாப்பா பேராண்டி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்டை முடிச்சுட்டாங்க, 11 உன் பழைய லேப்டாப்புல ஏறாதுன்னுட்டாங்க, அதனால லினக்ஸ் பக்கம் ஒதுங்கியிருக்கே. ஊருக்குள்ள மட்டும் ‘கொள்கை’ன்னு சொல்லிக்கிட்டுத் திரியாதே, எங்களுக்குத் தெரியும்.

வந்ததும் வராததுமா ‘சி டிரைவ் எங்க?’ன்னு தேடுறே. அப்படி ஒண்ணு இங்க கிடையாது. எல்லாம் ஒரே சாய்கோட்டுக்குக் கீழதான். உன் படம், பாட்டெல்லாம் ‘ஹோம்’ ஃபோல்டர்ல இருக்கும். புகுந்த வீட்டுல கால் வச்ச அன்னைக்கே ‘எங்கம்மா உப்புச் சாடியை இடப்பக்கம்தான் வைப்பா’ன்னு மூக்கைச் சிந்துற பொண்ணாட்டம் ஆடாதே.

சாஃப்ட்வேர் வேணும்னா சாஃப்ட்வேர் மேனேஜர்ல பேரைத் தட்டு, வந்து உக்காரும். ராத்திரி முழுக்கக் கண்முழிச்சு கிராக் தேடுறதுல நீ கெட்டிக்காரன்தான். என்ன செய்ய, இங்க அந்தத் திறமைக்கு வேலை இல்ல.

கட்டளை அடிக்கிற டெர்மினல்ல, அட்மின் வேலைக்குன்னு ‘சூடோ’ அடிச்சா பாஸ்வேர்டு கேக்கும். நீ தட்டுவே, பல லினக்ஸ்ல திரையில ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு செத்துப்போச்சுன்னு கவுத்துப் போட்டுத் தட்டாதே. அது வாங்கிக்கிச்சு. பக்கத்துல நிக்கிறவன் எத்தனை எழுத்துன்னு எண்ணிடக் கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. பேசாம என்டரைத் தட்டு.

எவனோ இன்டர்நெட்டுல ‘இதை அடி, வேகம் கூடும்’பான். அதுல ‘ஆர்எம்’னு அழிக்கிற கட்டளை இருந்தா ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு யோசி. டெர்மினல்ல அழிச்சது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். ‘நிசமாவா?’ன்னு நாலு தடவை கேட்டுக் கெஞ்சவும் செய்யாது. நீ சொன்னா உடனே செய்யும்; அவ்வளவு மரியாதை உனக்கு வீட்டுலகூடக் கிடைக்காதே!

தமிழ்ல அடிக்க தமிழ்99 கீபோர்டு இருக்கு, கவலைப்படாதே. பாமினி எழுத்துருவுல அடிச்ச பழைய ஃபைலை மட்டும் யூனிகோடுக்கு மாத்திக்கோ.

‘லினக்ஸ் எனக்குப் புதுசு தாத்தா’ன்னு வேற இழுக்குறே. 1991-ல ஹெல்சிங்கியில படிச்சுக்கிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்குன்னு சொல்லி ஆரம்பிச்சது, இப்ப உன் ஆண்ட்ராய்டு போனுக்குள்ள உக்காந்திருக்கு. சோறு இறங்குறப்பகூட அதைத்தானே நோண்டுறே!

சரி, மின்ட்டையோ உபுண்டுவையோ முதல்ல பென்டிரைவ்ல ஏத்தி, அதிலிருந்தே ஓட்டிப் பாரு. வைஃபை வருதா, பிரிண்டர் ஓடுதான்னு பாரு. கல்யாண போட்டோவை வேற டிஸ்க்குல காப்பி எடுத்து வச்சிட்டு, அப்புறமா ‘இன்ஸ்டால்’ல கை வை. அது அழிஞ்சா உன் பொண்டாட்டிக்குப் பதில் சொல்ல நான் வரமாட்டேன்.