கிலோஆம்பியர் மகாத்மியம்

செல்வம் நிலையற்றது என்ற உண்மையை நம் முன்னோர் மூப்பிலும் பிணியிலும் கண்டு தெளிந்தார்களென்றால், குளிர்பதனப் பெட்டியையும் தொலைக்காட்சியையும் தவணையில் வாங்கிய இக்காலத்துக் குடும்பஸ்தன், ஐப்பசி மாதத்து முதல் இடியிலேயே அதனைப் பரிபூரணமாக உணர்ந்துவிடுகிறான். அவ்விதம் ஞானோதயம் பெற்ற நான், வீடு முழுமைக்கும் ரக்ஷையாக மெயின் போர்டிலேயே ஒரு சர்ஜ் புரொடெக்டரைப் பொருத்துவதென்று நிச்சயித்துப் பாரிமுனைக்குச் சென்றபோது, கடைக்காரர் சாஸ்திர விசாரணை எதிலும் பிரவேசிக்காமல், "நாற்பது கே.ஏ. வேணுமா சார், எண்பது வேணுமா?" என்று அரிசி மூட்டைக்கு எடை கேட்பதுபோல் கேட்டார்.

உண்மையில் அந்த எண்ணின் மகிமை ஜனங்கள் நினைப்பதன்று. சர்ஜ் புரொடெக்டர் பெட்டியினுள் வீற்றிருக்கும் துத்தநாக ஆக்ஸைடு வில்லையானது, 230 வோல்ட் வரும்வரையில் உலக விவகாரங்களில் பற்றற்றிருந்து, மின்னலின் விளைவாக ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும்போது மட்டும் நானோசெகண்டுகளில் விழித்தெழுந்து, வந்த மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிட்டு, மீண்டும் நிஷ்டையில் ஆழ்கிறது. கே.ஏ. எனப்படும் கிலோஆம்பியர் அதன் தேகபலத்தையும் ஆயுளையும் கூறுமேயன்றி, நம் சாமான்களின்மீது எத்தனை வோல்ட்டை அது அனுமதிக்கும் என்பதைக் கூறாது. அதற்கு, பக்கவாட்டில் எறும்பெழுத்தில் அச்சிட்டிருக்கும் வேறோர் எண், ஒன்றரைக் கிலோவோல்ட்டுக்கு மேற்படாதிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இப்பெட்டிகளில், இடிதாங்கியுள்ள கட்டடத்துக்கு முதல் வகையும், அஃதில்லாத சாமானிய வீட்டின் போர்டுக்கு இரண்டாம் வகையும் உரியன. நள்ளிரவில் 260 வோல்ட் வரை தாராளம் காட்டும் தெருவில் வசிப்பவர், தொடர்ச்சியாக 275 வோல்ட் தாங்குவதை விடுத்து 320 தாங்குவதைக் கொள்வதே விவேகம். ஆகவே கிலோஆம்பியரில் நாற்பதே போதுமென்று அதனையே வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியனோ பெட்டியை ஏறெடுத்தும் பாராமல், "எர்த் குழி எங்கே சார்?" என்றார். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கொல்லைப்புறத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்ட மேஸ்திரி, கரியும் உப்பும் இட்டு நிரப்பியிருந்த அக்குழியைத் துவைக்கும் கல்லுக்கடியில் சமாதி வைத்துவிட்டதும், போர்டிலிருந்து கம்பீரமாகப் புறப்பட்ட பச்சை ஒயர் சுவருக்கு அப்பால் எங்குமே செல்லாமல் நின்றுவிட்டதும் பிறகுதான் வெளிப்பட்டன. "போறதுக்கு வழி இல்லேன்னா, வந்தது இங்கேயேதான் சார் சுத்தும்" என்றார் அவர்.

புதுக்குழி தோண்டினோம். ஒயரை அழகாக வளைத்துக் கட்டலாமே என்று நான் தெரிவித்த அபிப்பிராயத்தையும் அவர் நிராகரித்தார். இணைப்பு ஒயர் அரை மீட்டருக்கு மிஞ்சினால், அதன் நீளமே மின்னழுத்தத்தை ஏற்றிவிடுமாம். மேலும், தெருவில் நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வீட்டுக்குள் வருமாயின், இப்பெட்டி ரக்ஷிக்காது, தானே முதலில் கருகும், அதற்கென வேறு சாதனம் வாங்கவேண்டும் என்றும் அருளினார்.

முடிவில் பெட்டியின் விலையைவிடக் குழிக்கான செலவே அதிகமாயிற்று. எனினும் வருகிற விருந்தினர் எவரும் குழியைப் பற்றி விசாரிப்பதில்லை. எல்லோரும் போர்டைத் திறந்து பார்த்து, "எத்தனை கே.ஏ.?" என்றுதான் கேட்கிறார்கள். நாற்பது என்ற சத்தியத்தைச் சொன்னால் அனுதாபம் தெரிவிக்கிறார்களாகையால், இப்போதெல்லாம் எண்பது என்றே சொல்லிவருகிறேன்.