தொண்டையளவை: நூற்பாவும் உரையும்

பாயிரம்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகளை நான்காக வகுத்துவிட்டு முன்னோர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ராக், பாப் பாடகர்களின் தொண்டை எத்தனை ஸ்தாயி போகும் என்று அளக்கும் ஐந்தாவது அளவை ஒன்று பிறக்கும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். 2014-இல் புகழ்பெற்ற பாடகர்களின் குரல்வீச்சை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியானது. கன்ஸ் அன்ட் ரோசஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸுக்கு முதலிடம், மரியா கேரிக்கு இரண்டாமிடம். கேரியின் அன்பர்கள் கொதித்தார்கள். அவர்கள் ஆறுவதற்குள், இருவரையும் விட ஃபெய்த் நோ மோர் குழுவின் மைக் பேட்டனே பெரியவர் என்று இன்னொரு கணக்கு வந்தது. இத்தகைய வழக்குகளைத் தீர்க்க ஓர் இலக்கணம் தேவைப்பட்டது. அது கீழே வருகிறது. நூலாசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே ஆதலால், இரண்டுக்கும் முரண் வந்தால் மூலத்தைத் திருத்திக்கொள்ளும் உரிமை உரைக்கு உண்டு.

நூற்பா 1

இரட்டித்து ஏறுவது ஸ்தாயி என்ப
அறிந்தோர்; அன்பர் அதனையும் இரட்டிப்பர்.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், அளக்கும் கோல் இது என்று உணர்த்துதல் நுதலிற்று. ஒரு சுரத்தின் அதிர்வெண் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறியதாகப் பொருள். நொடிக்கு 110 அதிர்வு 220 ஆனால் ஒன்று, 440 ஆனால் இரண்டு. ஒவ்வொரு ஸ்தாயிக்குள்ளும் 12 அரைச்சுரங்கள்.

ஒரு ஸ்தாயி என்பது எவ்வளவு பெரிது என்று அறிய விரும்புவோர் பிறந்தநாள் விழாவுக்குப் போகலாம். ‘ஹேப்பி பர்த்டே’ பாட்டின் வீச்சு ஒரே ஒரு ஸ்தாயி. ஆனால் மூன்றாம் வரியின் தொடக்கத்தில் அது முழுவதையும் ஒரே தாவலில் ஏறியாக வேண்டும். கேக்கைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பாதிப்பேர் அந்த இடத்தில் வாயை மட்டும் அசைப்பார்கள். சிலர் கைதட்டலில் மறைந்துகொள்வார்கள். பெரியப்பா ஒருவர் மட்டும் ஏறிப் பார்த்து, பாதி வழியில் குரல் உடைந்து, இருமலாக மாற்றிச் சமாளிப்பார். அமெரிக்க தேசிய கீதம் 19 அரைச்சுரம், அதாவது ஒன்றரை ஸ்தாயிக்கு ஒன்று கூடுதல். விளையாட்டரங்குகளில் அதைப் பாடி மூச்சுத் திணறியவர்கள் ஏராளம். இப்படி ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் நடுவே மனிதகுலம் தள்ளாடிக்கொண்டிருக்க, அன்பர்கள் ஐந்து, ஆறு என்று பேசுவது எப்படி? அதற்கு விடை மேல்வரும் நூற்பாக்களில்.

நூற்பா 2

அடியில் பொரிவதும் நடுவில் பேசுவதும்
மேலே களவும் உச்சியில் சீழ்க்கையும்
எனநால் வகைத்தே தொண்டையின் தொழிலே.

அடியில் பொரிவது, தூங்கி எழுந்ததும் ‘காபி’ என்று கேட்கும் குரல். குரல்நாண்கள் தளர்ந்து, ஒலி விட்டுவிட்டு வரும். நடுவில் பேசுவது, கடன்காரரிடம் பேசும் குரல். மேலே களவு என்றது கள்ளக்குரலை. அங்கே நாண்களின் விளிம்பு மட்டுமே அதிரும். பீ ஜீஸ் குழுவின் பேரி கிப்புக்கு இந்தக் குரல் இருப்பது அவருக்கே தெரியாமல் இருந்தது. 1975-இல் ‘நைட்ஸ் ஆன் பிராட்வே’ பதிவின்போது, சுருதி பிசகாமல் யாராவது கூச்சலிட முடியுமா என்று தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கேட்டார். கிப் கூச்சலிட்டார். டிஸ்கோ யுகத்துக்கு ஒரு குரல் கிடைத்தது.

களவு தொடங்கும் இடத்தைக் கண்ணால் காண விரும்புவோர், நார்வேயின் அ-ஹா குழு 1985-இல் புகழேற்றிய ‘டேக் ஆன் மீ’ பாட்டை எந்தக் கரோக்கி மேடையிலாவது கேட்கலாம். பல்லவி நொடிக்கு 110 அதிர்வில், ஆண்குரலின் அடித்தளத்தில் தொடங்குகிறது. அங்கே எல்லோரும் அக்குழுவின் பாடகர் மார்ட்டென் ஹார்க்கெட்டே. அடுத்தடுத்த வரிகளில் மெல்ல மேலேறி, கடைசியில் 659-க்குப் போய் நிற்கிறது; ஆக மொத்தம் இரண்டரை ஸ்தாயி. பாடுபவரின் புருவம் முதலில் ஏறும், பிறகு தோள், பிறகு குதிகால். எல்லாம் ஏறிய பின்னும் குரல் ஏறாதபோது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவது மரபு.

உச்சியில் சீழ்க்கைக்கு எடுத்துக்காட்டு 1975-இல் ‘லவ்விங் யூ’ பாட்டால் புகழ்பெற்ற மின்னி ரிப்பர்ட்டன். அவ்வழி வந்த மரியா கேரி, 1991-இல் ‘இமோஷன்ஸ்’ பாட்டில் நொடிக்கு 3,136 அதிர்வைத் தொட்டார். அது பியானோவின் வலது ஓரத்திலிருந்து நான்காவது வெள்ளைக் கட்டை. இன்னும் மூன்று வெள்ளைக் கட்டைகளைத் தாண்டினால் பெட்டியின் மரம் வந்துவிடும். ‘சீழ்க்கையும்’ என்ற உம்மையால் குக்கர் விசிலும் அடங்குமோ எனின், அடங்காது. குக்கருக்கு ரசிகர் மன்றம் இல்லை.

நூற்பா 3

பாட்டும் கூச்சலும் சிரிப்பும் இருமலும்
கூட்டிக் கொள்க தம்மவர் பாங்கில்;
கழிக்க பிறர்பால் காரணம் காட்டி.

எவ்வொலி கணக்கில் சேரும் என்பது உணர்த்திற்று. நம்மவர் பாட்டின் நடுவே வீறிட்டால் அது சுரம். அயலார் வீறிட்டால் அது வீறிடல். நம்மவர் தாழ்ந்து முனகினால் மந்தர ஸ்தாயி. அயலார் முனகினால் தொண்டைக்கட்டு.

அற்றேல், ஒருவர் பாடியதை மற்றவர் கணக்கில் எழுதலாமோ எனின், எழுதி வருகிறார்கள். 1975-இல் வந்த ‘பொஹீமியன் ராப்ஸடி’யில், ராக் பகுதி வெடிப்பதற்குச் சற்று முன் உச்சாணியில் நிற்கும் சுரத்தைக் கேட்டுவிட்டு, முன்னணிப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் குரலுக்கு ஈடுண்டா என்று உருகாதவர் குறைவு. அதைப் பாடியவர் அதே குழுவில் ட்ரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லர். ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. ஆகவே அவர் குரல் முன்னால் நிற்பவருக்குச் சேரும். இதுவே ஆகுபெயர் எனக் கொள்க.

நூற்பா 4

அளந்தது மூன்றெனின் அன்பினர்க்கு நான்கே.

ஈண்டு நூலின் உயிர்நிலை. மெர்க்குரிக்கு நான்கு ஸ்தாயி என்பது ஊரறிந்த பேச்சு. 2016-இல் கிறிஸ்டியன் ஹெர்பஸ்ட் முதலான ஆஸ்திரிய, செக், ஸ்வீடன் ஆய்வாளர்கள் அவருடைய பதிவுகளை எடுத்து வைத்து அளந்தார்கள். கிடைத்தது 37 அரைச்சுரம். மூன்று ஸ்தாயிக்கு ஒன்று அதிகம். பேட்டிகளில் அவர் பேசிய குரல் நொடிக்கு ஏறக்குறைய 117 அதிர்வு, அதாவது நடுத்தரமான ஆண்குரல். மேடையில் உச்சத்தில் சஞ்சரித்தவர், வீட்டில் பாரிடோனாக வாழ்ந்திருக்கிறார். 1987-இல் அவருடன் ‘பார்சலோனா’ பாடிய ஓபரா பாடகி மொன்செராட் கபாயே, அந்தத் தாழ்குரலிலேயே சேர்ந்து பாடலாமே என்று அழைத்தாராம். என் ரசிகர்களுக்கு என் குரல் அடையாளம் தெரியாமல் போய்விடும் என்று மெர்க்குரி மறுத்தாராம்.

அதே ஆய்வு வேறு சிலவற்றையும் கண்டது. அவருடைய குரலின் நடுக்கம் நொடிக்கு ஏழு முறை, வழக்கத்தைவிட வேகம். அவர் உறுமும்போது, மெய்யான நாண்களுக்கு மேலே சும்மா கிடக்கும் போலி நாண்களும் சேர்ந்து அதிர்ந்திருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க, அவரைப் போலப் பாடிய ஒரு ராக் பாடகரின் தொண்டைக்குள் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட படம் பிடிக்கும் கருவியை இறக்கினார்கள். கேட்டதும் மெர்க்குரி என்று தெரிவதற்குக் காரணம் இந்த நடுக்கமும் உறுமலும்தான். ஆனால் இவற்றைப் பட்டியலில் வரிசைப்படுத்த முடியாது. ஆதலால் அன்பர்கள் விட்டுவிட்டார்கள். அளந்ததற்கும் சொன்னதற்கும் இடையே தொங்கும் ஒரு ஸ்தாயிக்கு ‘அன்பு ஸ்தாயி’ என்று பெயரிடுகிறோம். அது பாடியவருடைய தொண்டையில் விளைவதில்லை.

நூற்பா 5

செவிக்கெட் டாததும் சுரமே
கருவிக்கு எட்டிக் கையொப்பம் பெறினே.

கின்னஸ் பதிவுகளின்படி, அமெரிக்காவின் பிரான்சன் நகரில் பாடிய டிம் ஸ்டார்ம்ஸ் 2008-இல் பத்து ஸ்தாயி காட்டினார். மேல் எல்லை 807 அதிர்வு. மெர்க்குரியின் உச்சமான 784-க்கு அரைச்சுரத்தில் பாதி மட்டுமே மேலே. மிச்சமெல்லாம் கீழே. மனிதச் செவி 20 அதிர்வோடு கடையைக் கட்டிவிடும், அவர் 0.7973 வரை இறங்கினார். பத்தில் நாலரை ஸ்தாயிக்கு மேல் யார் காதிலும் விழாது. 2012-இல் இன்னும் இறங்கி 0.189-ஐ எட்டினார். ஓர் அதிர்வு முடிய ஐந்து நொடிக்கு மேல் ஆகும். யானைக்குக் கேட்குமே என்பாரும் உளர். யானையின் காது 16 அல்லது 17 அதிர்வோடு நின்றுவிடும். எதிர்முனையில் பிரேசிலின் ஜார்ஜியா பிரவுன் 2004-இல் தொட்டதாகப் பதிவான சுரம் 25,088 அதிர்வு. அதைப் பாராட்டும் தகுதி நாய்க்கும் வௌவாலுக்குமே உண்டு.

நூற்பா 6

குறுவீச் சாளரும் பாடகர் என்ப
பாட்டைக் கேட்கும் பழக்கம் உடையோர்.

இது புறனடை. லெனர்ட் கோஹன் வயது ஏற ஏறக் குரலை இறக்கிக்கொண்டே போனார். ரசிகர்களும் கூடவே இறங்கினார்கள். பாப் டிலனுக்கு 2016-இல் நோபல் கிடைத்தது. விருதுக்குரிய காரணங்களில் தொண்டை இடம்பெறவில்லை. ஜானி கேஷ் 1956-இல் பாடிய ‘ஐ வாக் தி லைன்’ பாட்டில் சரணத்துக்குச் சரணம் சுருதி மாறும். ஒவ்வொன்றுக்கும் முன் அவர் வாய்மூடி ஒரு முனகல் முனகி, அடுத்த சுருதியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்; கடைசிச் சரணம் முதல் சரணத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. இறங்கப்போகிறேன் என்று இவ்வளவு நேர்மையாகச் சொல்லிவிட்டு இறங்கியவர் வேறில்லை.

நூற்பா 7

வாய்திற வாதோன் வீச்சிற்கு எல்லை
இன்மை அறிக, ஏனையோர் எல்லாம்
அவற்கு அடுத்த நிலையினர் ஆவர்.

இறுதித் தேற்றம். ஓர் அதிர்வுக்குக் கீழே அரை அதிர்வு, அதற்குக் கீழே கால், அதற்குக் கீழே அரைக்கால். ஒவ்வொரு பாதியும் முதல் நூற்பாவின்படி முழு ஸ்தாயி. பாதியாக்கிக்கொண்டே போனாலும் சுழி வராது. ஆகவே சுழிக்கு மேலே எண்ணற்ற ஸ்தாயிகள் உள்ளன. சும்மா இருப்பவரின் அதிர்வு சுழி. அவருக்கும் அவர் கடைசியாகப் பேசிய சொல்லுக்கும் நடுவே அத்தனை ஸ்தாயிகளும் அடங்கும். டிம் ஸ்டார்ம்ஸ் போய்க்கொண்டிருந்த பாதை இதுவே. அவர் இடையில் நின்றுவிட்டார்.

இதனால் முதலிடம் பற்றிய வழக்கு முடிந்தது. ரோஸ், கேரி, பேட்டன் மூவரும் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். மேல்முறையீட்டுக்குத் தடையில்லை, ஆனால் வாதாட வாயைத் திறந்த மறுகணமே எவரும் முதலிடத்துக்கான தகுதியை இழப்பார்.