எம் ஒன் அரியரைப் பேணி வளர்ப்பது எப்படி?

ஓட்டப்பிடாரம், பசுவந்தனை, புதியம்புத்தூர் பக்கமிருந்து இந்த வருஷம் இன்ஜினியரிங் சேரும் தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. கோவில்பட்டிக்கு 1984-லேயே பொறியியல் கல்லூரி வந்துவிட்டது. அதனால் கரிசக்காட்டில் தெருவுக்கு ஓர் இன்ஜினியர் இருக்கிறார். முதல் செமஸ்டர் கணக்கில் பாஸாவது எப்படி என்று அவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அரியர் வைப்பதை மட்டும் முறையாகச் சொல்லிக்கொடுக்க நாதியில்லை. எல்லாரும் தானாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

இது முதல் வருஷம் தொடங்குகிற வேலை இல்லை. ப்ளஸ் ஒன்னிலேயே அடித்தளம் போட வேண்டும். ப்ளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் எல்லை, வகையிடல், தொகையிடல் என்று வரிசையாக இருக்கும். அந்தப் பாகத்தைப் புது வாசனை போகாமல் அப்படியே வைத்திரு. கேட்டால் காரணமும் இருக்கிறது. கட் ஆஃப் 200-க்கு. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. மூன்றும் ப்ளஸ் டூ மார்க். ப்ளஸ் ஒன் மார்க்குக்கு அங்கே காலணா மதிப்பில்லை. இதைப் புரிந்துகொண்ட பல பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. இந்த நல்ல பழக்கத்தைக் கெடுக்கிறதற்கென்றே 2017-18-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-ல் அதையும் ரத்து செய்தாகிவிட்டது. இனி உன் தம்பிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை.

கல்லூரிக்குப் போன முதல் வாரமே சார் கேட்பார்: "இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்கல்ல?" வகுப்பு மொத்தமும் தலையாட்டும். நீயும் ஆட்டு. அந்த ஒரு ஆட்டலில் பாதி வேலை முடிந்தது. தெரியாது என்று சொன்னால் அவர் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து நடத்திவிடக்கூடிய அபாயம் இருக்கிறது. சில வாத்தியார்களுக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு.

இப்போது பேப்பரைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இதன் பேர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. ஆனால் எத்தனை முறை பேர் மாற்றினாலும் பையன்கள் வாயில் அது எம் ஒன்தான். ஐந்து யூனிட். முதல் யூனிட் அணிகள். மிச்சம் நாலும் கால்குலஸ். அணிகளை மட்டும் படி. ஐகன் மதிப்பு, கெய்லி-ஹாமில்டன் தேற்றம் எல்லாம் மிஷின் மாதிரி போட்டுவிடலாம்; மனசுக்கும் தெம்பாக இருக்கும். இரண்டு மார்க் கேள்வி இரண்டு, பதினாறு மார்க் ஒன்று, ஆக 20. எழுத்துத் தேர்வில் வேண்டியது 45. மிச்சம் 25 எங்கிருந்து வரும் என்று யோசிக்காதே. யோசித்தால் கால்குலஸ் பக்கம் கால் போய்விடும்.

அப்படியே போனாலும் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடாமல் கவனமாக இரு. பதினாறு மார்க் கணக்கில் கால்குலஸ் இரண்டு மூன்று வரிதான். பாக்கி முழுக்க லாக் விதி, சைன் டூ தீட்டா, பகுதிப் பின்னம், மைனஸுக்குள் மைனஸ். எல்லாம் பத்தாம் வகுப்பும் ப்ளஸ் ஒன்னும். வகையிடுதல் தெரியாமல் தோற்றவனைவிட, சரியாக வகையிட்டுவிட்டு அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது கவிழ்ந்தவன்தான் அதிகம் என்பது, விடைத்தாளைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் என் கணிப்பு. ஆகவே அந்தப் பழைய புத்தகங்களைத் திறந்தே பார்க்காதே. 'காலேஜ் வந்துட்டு பத்தாங்கிளாஸ் கணக்கா' என்று ஒரு கௌரவத்தோடு நடந்துகொள்.

அடுத்து 'இம்பார்ட்டன்ட்'. பரீட்சைக்கு முந்தின ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும். சீனியர் யாரோ கேள்வி எண் போட்டு எழுதியிருப்பான். அதில் கட்டாயம் இருப்பது தொகையிடும் வரிசையை மாற்றும் கணக்கு. வெளியே எக்ஸ் பூஜ்ஜியத்திலிருந்து முடிவிலி வரை, உள்ளே ஒய் எக்ஸிலிருந்து முடிவிலி வரை. தொகையிட வேண்டியது, ஈ-க்கு மைனஸ் ஒய் அடுக்கு, அதைக் கீழே ஒய்யால் வகுத்தது. திரும்பத் திரும்பக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி. விடை 1. அந்த ஒன்றை மனப்பாடம் செய்துகொள்; படம் மட்டும் போடாதே.

படம் போட்டால் வம்பு. எக்ஸும் ஒய்யும் சமமாக இருக்கும் சாய்கோட்டுக்கு மேலே உள்ள இடம்தான் பரப்பு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கேட்ட வரிசையில் ஒய்யை முதலில் எடுத்தால், நமக்குத் தெரிந்த எந்தச் சார்பிலும் தொகை வராது, வழி அடைத்துவிடும். மாற்றி எக்ஸை முதலில் எடுத்தால், அது பூஜ்ஜியத்திலிருந்து ஒய் வரை ஓடி ஒரு ஒய்யைக் கொடுக்கும். அந்த ஒய் கீழே உட்கார்ந்திருக்கும் ஒய்யை அடித்துவிடும். மிச்சம் ஈ-க்கு மைனஸ் ஒய் அடுக்கு மட்டும். அதைத் தொகையிட்டால் 1. இதை உங்க அப்பாவிடம் சொல்லிவிடாதே. "ஒரே நெலந்தானலே, நீளவாக்குல உழுதாலும் குறுக்க உழுதாலும் அதே குறுக்கந்தான். சரிவு பாத்து எது தோதோ அப்படி உழ வேண்டியதுதான்" என்று ஒரே மூச்சில் யூனிட் ஐந்தை முடித்துவிடுவார். மானாவாரிக்காரர், மழைத்தண்ணி ஓடிவிடாமல் சரிவுக்குக் குறுக்கே ஏர் ஓட்டிப் பழகியவர். பிறகு புரியவில்லை என்று சொல்ல உனக்கு வாய் இருக்காது.

கால்குலேட்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். கேசியோ 991 ஒன்று வாங்கிக்கொள். எல்லை கொடுத்த தொகையீட்டுக்கு விடையை அதுவே சொல்லும். விடையைக் கடைசி வரியில் எழுது, கேள்வியை முதல் வரியில் எழுது, நடுவில் நம்பிக்கையோடு கிறுக்கு. மார்க் முழுக்க நடுவில்தான் போடுகிறார்கள் என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது.

ரிசல்ட் வந்தபின் வீட்டில் பேசுவது தனிக் கலை. முதல் பட்டதாரி சலுகையில் சேர்ந்தவனாக இருந்தால் உனக்கு ஒரு வசதி: அரியர் என்றால் என்ன என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. "ஒரு பேப்பர் நிக்கிதும்மா" என்றால், "நிக்கட்டும்ய்யா, நீ மொதல்ல சாப்பிடு" என்று அம்மா சொல்லுவாள். மாமா ஒருத்தர் மட்டும், "கப்பலோட்டுன ஊர்ல பெறந்துட்டு ஒரு கணக்குல கரையேற முடியலையாக்கும்?" என்பார். வ.உ.சி. படித்தது வக்கீல் படிப்பு, அதில் தொகையீடு கிடையாது என்று பணிவாகச் சொல்.

ராமானுஜனை மட்டும் இழுக்காதே. அவரும் கல்லூரியில் பெயிலானார் என்பது உண்மைதான். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார், பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் 1907-ல் எஃப்.ஏ. தேறவில்லை. ஆனால் அவர் தவறியது கணக்கைத் தவிர மற்ற பாடங்களில். மாமா நாளிதழ் படிக்கிறவர், மாட்டிக்கொள்வாய்.

அரசு கைகொடுக்கும் என்று காத்திருப்பதும் ஒரு வழி. 2020 கொரோனா சமயத்தில், அரியருக்குப் பணம் கட்டியிருந்தாலே பாஸ் என்று அறிவித்தார்கள். முதலமைச்சரைக் கும்பிட்டு ஊர் ஊராகப் போஸ்டர் முளைத்தது. கடைசியில் வழக்கு உயர்நீதிமன்றம் போய், தேர்வு எழுதத்தான் வேண்டும் என்று ஆனது. கொள்ளைநோய் மறுபடி வரும் என்று நம்பிப் படிக்காமலிருப்பது நான்கு வருஷத் திட்டத்துக்குச் சரிப்படாது. அதே மாதிரி ஒரு கொள்ளைநோய்க் காலத்தில், 1665-ல், ஊருக்குத் திரும்பிய நியூட்டன் சும்மா இருக்காமல் இந்தக் கால்குலஸுக்கு வழி பண்ணினார். நமக்கு வந்த வினை அது.

எல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தால் கடைசி செமஸ்டரில் எம் ஒன் உன்னோடு இருக்கும். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் 'நிலுவை அரியர் கூடாது' என்று எழுதி ஒட்டியிருக்கும். நீ நோட்டீஸ் போர்டுப் பக்கம் போகாதே. பரீட்சை ஹாலில் உன் பக்கத்தில் முதல் வருஷப் பையன் உட்கார்ந்திருப்பான். உன் மீசையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "சார், கால்குலேட்டர் உள்ள கொண்டாரலாமா?" என்று கேட்பான். 991 கொண்டுவரலாம், ப்ரோக்ராம் போடுகிற மாடல் கூடாது என்று சொல்லி உட்காரவை. தகவல் சரியானதுதான்.